ஒரு தொட்டியில் எத்தனை பிளெக்கோ?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் நுழைந்து 'டேங்க் கிளீனர்' என்று கேட்டால், விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு மீனைப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பார்கள். சிலர் 'சக்கர் மீன்' என்பார்கள். கோல்டு ஃபிஷ் வாங்குபவர் அழகுக்காக வாங்குகிறார், ஃபைட்டர் வாங்குபவர் கம்பீரத்துக்காக வாங்குகிறார். இந்த மீனை மட்டும் யாரும் மீனாக வாங்குவதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாசியைத் துடைக்கும் ஒரு சாமானாக, ஃபில்டர், ஏர் பம்ப் வாங்கும்போது கூடவே வாங்குகிறார்கள். தொட்டிக்கு ஒன்று, அவ்வளவுதான். வீட்டுக்கு இரண்டு துடைப்பம் எதற்கு?

உலகம் முழுக்க நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. இந்த மீனைத் தனியாக வைப்பதா, கூட்டமாக வைப்பதா என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மீன் வளர்ப்பவர்களுக்கு மட்டும் உரிய சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் ஒரு மீன் இனம் பிழைப்பதும் பல ஆறுகள் கெடுவதும் இந்தக் கேள்வியில் வந்து முடிகின்றன நண்பர்களே!

முதலில் பெயர் வந்த கதை. பிளெக்கோ என்பது 'பிளெக்கோஸ்டமஸ்' என்பதன் சுருக்கம். கிரேக்கச் சொற்களில் இருந்து வந்தது, மடிந்த வாய் என்று பொருள். உதடு வட்டமாக விரிந்து பாறையில் ஒட்டிக்கொள்ளும் அந்த வாயைப் பார்த்து வைத்த பெயர். தென் அமெரிக்காவின் சுரினாம் பகுதி மீனை வைத்து 1758-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். உடம்பு முழுக்க எலும்புத் தகடு இருந்ததால் அவர் இதை ஸ்டர்ஜன் மீன்களோடு சேர்த்து 'அசிபென்சர் பிளெக்கோஸ்டமஸ்' என்று எழுதி வைத்தார். இது கெளுத்தி வகை! பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். 1803-ல் லாசெபேட் 'ஹைபோஸ்டமஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், இன்று கடைகளில் பிளெக்கோஸ்டமஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அந்த மீனே இல்லை. அதன் உறவினரான 'டெரிகோப்ளிக்திஸ்' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. முதுகுத் துடுப்பை விரிக்கும்போது கதிர்களை எண்ணினால் தெரிந்துவிடும். ஹைபோஸ்டமஸ் மீனுக்கு முள்ளை விட்டுவிட்டால் ஏழு கதிர்கள். டெரிகோப்ளிக்திஸ் மீனுக்குப் பெரும்பாலும் பத்தும் அதற்கு மேலும். பாய்மரம் போலப் பெரிய துடுப்பு. ஆனால் கடைக்காரரும் எண்ணுவதில்லை, வாங்குபவரும் எண்ணுவதில்லை. இவை எல்லாம் சேர்ந்த லோரிகாரிடே என்ற குடும்பம்தான் கெளுத்திகளிலேயே மிகப் பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாமே பனாமா, கோஸ்டாரிகா முதல் தென் அமெரிக்கா வரையிலான ஆறுகளுக்கு உரியவை. அந்த ஆயிரத்தில் இரண்டு மூன்று மட்டுமே பல காலம் உலகச் சந்தையை ஆண்டன.

ஏன் அந்த இரண்டு மூன்று? காரணம் விலை. விமானத்தில் மீன் அனுப்பும் வசதி பெருகிய பின் புளோரிடாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பண்ணைகள் வந்தன. டெரிகோப்ளிக்திஸ் ஆண் மீன் குளக்கரை மண்ணில் நீளமான வளை தோண்டும், பெண் அதில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஆண் காவல் காக்கும். பண்ணைக்காரர் வளையில் இருந்து முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்தால் போதும். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பொருளின் விலை என்ன ஆகும் என்று வணிகவியல் முதல் வருடப் பாடத்தைப் படித்தவருக்கே தெரியும். குஞ்சு மீன் சல்லிக்காசுக்கு வந்துவிட்டது.

இங்கேதான் கணக்கு இடித்தது. கணக்குப் பதிவியலில் இயந்திரம் என்றால் வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டும். இந்த இயந்திரமோ தேய்வதற்குப் பதிலாக வளர ஆரம்பித்தது! ஐந்து செ.மீ. நீளத்தில் வந்த மீன் ஒன்றிரண்டு வருடத்தில் முப்பது செ.மீ. ஆகும். நன்றாகத் தீனி கிடைத்தால் நாற்பதைத் தாண்டும். வளர வளரப் பாசி தின்பதும் குறையும். இரவில் தட்டையான உடம்புள்ள டிஸ்கஸ், மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ் ஆகியவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சும் பழக்கமும் சிலவற்றுக்கு வரும். தொட்டியைச் சுத்தம் செய்ய வந்தது, அடியில் கயிறு கயிறாகக் கழிவு போட்டு மற்ற எல்லா மீன்களையும் விட அதிகமாக அழுக்காக்கும். இன்னொன்றைச் சேர்த்து விட்டால் இரண்டும் ஒரே மூலைக்குச் சண்டை போடும். 'பிளெக்கோ என்றால் தொட்டிக்கு ஒன்றுதான்' என்ற விதி இப்படிப் பிறந்தது. அது மீனைப் புரிந்துகொண்டு வந்த விதி இல்லை, சின்னத் தொட்டியில் பெரிய மீனை வைத்த அனுபவத்தில் வந்தது.

வளர்ந்த மீனை என்ன செய்வது? கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், சமைக்கவும் மனம் வராது. பக்கத்துக் குளத்தில், ஆற்றில் விட்டுவிடுவார்கள். 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று புண்ணியம் சேர்ப்பதாக நினைப்பு. அது பிழைத்தது. நன்றாகவே பிழைத்தது. பண்ணைகளில் இருந்து தப்பியவையும் சேர்ந்துகொண்டன.

இந்த மீன் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். இரைப்பையே நுரையீரல் போல வேலை செய்யும். சாக்கடை போன்ற தண்ணீரிலும் வாழும், தகடு போர்த்திய உடம்பைப் பறவைகளும் பெரிய மீன்களும் விழுங்கத் தயங்கும். புளோரிடாவின் ஓடைகளில் பெருகியது. அங்குள்ள புளூ ஸ்பிரிங் என்ற ஊற்றுக்குக் குளிர் காலத்தில் மானட்டீ என்ற பெரிய பாலூட்டிகள் ஓய்வெடுக்க வரும். அவற்றின் முதுகில் வளரும் பாசியை இந்த மீன்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு மேய்வதையும், சில மானட்டீகள் தொந்தரவு தாங்காமல் உருளுவதையும் 2009-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றின் மேல் கட்டிய இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கம் ஜிலேபி மீனுக்குப் பெயர் போனது. 2000களில் அங்கே மீனவர்கள் வலையை இழுத்தால் ஜிலேபிக்குப் பதிலாக பிளெக்கோவாக வந்தது. முள்ளில் சிக்கி வலை கிழிந்தது. அவர்கள் வைத்த பெயர் 'பெஸ் தியாப்லோ', அதாவது பிசாசு மீன். பிலிப்பைன்ஸின் மரிகினா ஆற்றிலும் லகூனா ஏரியிலும் இதற்கு 'ஜானிட்டர் ஃபிஷ்'. துப்புரவுத் தொழிலாளியின் பெயர் ஆற்றிலும் விடவில்லை! கரையில் வளை தோண்டும் பழக்கத்தால் பல நாடுகளில் கரைகளும் சரிகின்றன. இந்தியாவும் தப்பவில்லை. கொல்கத்தாவின் சதுப்பு நிலங்கள், கேரளத்தின் ஓடைகள், ஆந்திரம், சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் என்று பல இடங்களில் இது வலையில் வருகிறது. விற்க முடியாமல் மீனவர்கள் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள்.

தனியாக, மலிவாக, சாமானாக வாங்கியதன் கதை இது. மறுபக்கத்தைப் பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

1980களில் பிரேசிலின் உட்பகுதிகளில் சாலைகளும் விமானத் தளங்களும் வந்தபோது, அதுவரை யாரும் பிடிக்காத ஆறுகளில் இருந்து மீன்கள் ஏற்றுமதியாக ஆரம்பித்தன. அவற்றில் முக்கியமானது ஷிங்கு. அமேசானின் துணை ஆறு. அல்தாமிரா ஊருக்குக் கீழே அந்த ஆறு பெரிய வளைவாகத் திரும்பி, பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடுகிறது. 'வோல்டா கிராண்டே' என்று பெயர், பெரிய வளைவு என்று பொருள். சுமார் 130 கி.மீ. நீளம். அந்தப் பாறை இடுக்குகளில் இருந்து வந்த பிளெக்கோக்கள் ஜெர்மானியரைத் திகைக்க வைத்தன. மஞ்சள் பொட்டு, வெள்ளைப் புள்ளி, வரிகள்... எதற்கும் அறிவியல் பெயர் கிடையாது. வணிகர் ஒருவர் ஒரு பெயரில் விற்பார், அதே மீனை அடுத்தவர் வேறு பெயரில் விற்பார்.

'டாட்ஸ்' என்ற ஜெர்மானிய மீன் வளர்ப்பு இதழ் 1988-ல் இதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தது. பெயர் வரும்வரை எண் கொடுத்துவிடுவது! லோரிகாரிடே என்பதன் முதல் எழுத்தான 'எல்', அதன் பின் ஓர் எண், ஒரு புகைப்படம், பிடித்த இடம். எல்001, எல்002 என்று தொடங்கிய வரிசை பின்னாளில் ஐந்நூறைத் தாண்டியது. கடையில் சரக்குக்கு எண் போடுவது போலத்தான். ஆனால் விஞ்ஞானிகள் பல வருடம் கழித்துச் செய்யவிருந்த வேலைக்கு இந்த இதழ் ஒரு பேரேடு திறந்து வைத்தது. பேரேட்டில் பிழைகளும் உண்டு. மஞ்சள் பொட்டு போட்ட 'கோல்டு நகெட்' மீனுக்கு எல்018, எல்081, எல்085, எல்177 என்று நான்கு எண்கள் விழுந்தன. 2011-ல்தான் 'பேரியான்சிஸ்ட்ரஸ் சாந்தெல்லஸ்' என்று ஒரே பெயர் கிடைத்து, நான்கு கணக்கும் ஒரே ஆளுடையது என்று தெரிந்தது. எல்333, எல்066 போன்ற ஷிங்கு மீன்கள் 2025 வரை காத்திருந்துதான் 'ஹைபான்சிஸ்ட்ரஸ் செய்டெலி' ஆயின.

எண் வந்ததும் வாங்குபவரின் மனம் மாறியது. இது கவனிக்க வேண்டிய இடம். 'டேங்க் கிளீனர்' வாங்கியவர் ஒன்று வாங்கினார். எல்046 வாங்கியவர் அதன் ஜோடியையும் தேடினார், பக்கத்தில் எல்018 வைக்க ஆசைப்பட்டார். தபால் தலை சேர்ப்பவர் மாதிரி! 'தொட்டிக்கு ஒன்று' என்ற பழைய விதி அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விக்குள்ளானது.

பலவற்றைச் சேர்த்து வைக்க முயன்றவர்கள் ஆரம்பத்தில் நிறைய மீன்களைச் சாகடித்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். எல்லா பிளெக்கோவும் பாசி தின்னும் என்று நினைத்து வெள்ளரித் துண்டு மட்டும் போட்டார்கள். ஆனால் 'பனாக்கே' என்ற வகை மரக்கட்டையைச் சுரண்டித் தின்னும். அதுகூட மரத்தைச் செரிப்பதில்லை, மரம் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது, மரத்தில் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் பொருட்களே அதன் உணவு என்று பின்னர் தெரிந்தது. 'ஹைபான்சிஸ்ட்ரஸ்' வகைகளுக்குப் புழு, இறால் போன்ற இறைச்சி உணவு அதிகம் வேண்டும். உணவு வேறு என்றால் சண்டை குறையும் என்பது இதில் கிடைத்த முதல் பாடம். மரம் தின்னும் ஒன்றும் இறைச்சி தின்னும் ஒன்றும் ஒரே தொட்டியில் ஒன்றை ஒன்று பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒரே உருவம், ஒரே உணவு உள்ள இரண்டு ஆண்கள்தான் முட்டிக்கொள்ளும்.

எதற்காக முட்டிக்கொள்கின்றன? குகைக்காக. பிளெக்கோ வாழ்க்கையே ஒரு பொந்தைச் சுற்றித்தான். ஆண் மீன் தன் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் திறந்த பொந்தைத் தேர்ந்தெடுத்து அதில் காத்திருக்கும். பெண் வந்து முட்டையிட்டுப் போன பின், குஞ்சுகள் மஞ்சள் கருவைத் தின்று முடிக்கும் வரை ஆண் வாசலை அடைத்துக்கொண்டு துடுப்பால் தண்ணீர் விசிறும். பலர் வீட்டில் முதலில் பழகிய 'ஆன்சிஸ்ட்ரஸ்' என்ற மூக்கில் தாடி முளைத்த சிறிய வகையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அந்தத் தாடி எதற்கு என்று நீண்ட நாள் குழப்பம். பொந்து வாசலில் தெரியும் அந்த இழைகள் குஞ்சு மீன்கள் போலத் தோன்றி, 'இவன் ஏற்கெனவே பிள்ளை வளர்ப்பவன், நம்பலாம்' என்று பெண்ணை ஈர்க்கின்றன என்று 1999-ல் சபாஜ், ஆர்ம்ப்ரஸ்டர், பேஜ் ஆகிய மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைகள் கவனிக்க!

ஆக, பல பிளெக்கோக்களைச் சேர்த்து வைக்கும் வித்தை பொந்துக் கணக்குதான். மூன்று ஆண்கள் இருந்தால் மூன்று பொந்து போதாது, ஐந்தாறு வேண்டும். எல்லாப் பொந்துக்கும் ஒரே பக்கம் வாசல் வைத்தால் நாள் முழுக்க முறைத்துக்கொண்டே இருக்கும். வாசல்களைத் திருப்பி, நடுவில் கல்லோ கட்டையோ வைத்துப் பார்வையை மறைக்க வேண்டும். தீனியை விளக்கணைத்த பின், ஒரே இடத்தில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். தொட்டியின் உயரம் இவற்றுக்குப் பயன்படாது, தரைப் பரப்புதான் கணக்கு. கழிவு அதிகம் என்பதால் வாரா வாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதை வீடுகளில் வளர்த்தவர்கள் ஒருவர் தவறில் இருந்து இன்னொருவர் கற்றுக் கற்றுச் சேர்த்தார்கள்.

அந்தப் பாடம் யாருக்குப் பயன்பட்டது என்றால், எல்046 என்ற மீனுக்கு. வரிக்குதிரை பிளெக்கோ. வெள்ளை உடம்பில் கறுப்புப் பட்டைகள், எட்டு ஒன்பது செ.மீ. தான் நீளம். முதல் முறை பார்ப்பவர்கள் யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த இஸ்புருக்கரும் நைசனும் 1991-ல் இதற்கு 'ஹைபான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா' என்று பெயரிட்டார்கள். உலகத்தில் வோல்டா கிராண்டே பகுதியைத் தவிர வேறெங்கும் இந்த மீன் கிடையாது. டெரிகோப்ளிக்திஸ் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்று பார்த்தோம் அல்லவா? இது இடுவது பத்துப் பதினைந்து. பருவத்துக்கு வரவே இரண்டு மூன்று வருடம் ஆகும். விலையோ எட்டாத உயரம். விலை ஏறியதும் பிடிப்பவர்களும் பெருகினார்கள். 2004-ல் பிரேசில் இதை அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துப் பிடிப்பதைத் தடை செய்தது. தடை வந்தால் கள்ளக்கடத்தல் வரும் என்பதும் பழைய பாடம்தான். அண்டை நாடுகளின் எல்லை வழியாக மீன்கள் போய்க்கொண்டே இருந்தன.

அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. ஷிங்குவில் பெலோ மோன்டே அணையின் கட்டுமானம் 2011-ல் தொடங்கியது. 2015-ன் இறுதியில் நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டது, 2016-ல் மின் உற்பத்தி தொடங்கியது, 2019-ல் கடைசி டர்பைனும் ஓடியது. மொத்தத் திறன் 11,233 மெகாவாட். வளைவுக்கு மேலேயே தண்ணீரை மறித்துக் கால்வாய் வழியாக மின் நிலையத்துக்குத் திருப்புகிறார்கள். ஆற்றின் நீரில் எண்பது சதவீதம் வரை இப்படித் திருப்ப முடியும். மீதிதான் வோல்டா கிராண்டேவுக்கு. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த வெதுவெதுப்பான நீரில் பாறை இடுக்கில் வாழப் பழகிய மீனுக்கு, ஓட்டம் குறைந்த தண்ணீரும் இடுக்குகளில் படியும் வண்டலும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கரையில் மீன்பிடித்து வாழும் ஜுருனா பழங்குடி மக்களும் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள்.

உலக அளவில் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 2017 ஜனவரியில் பிரேசில் தன் அளவில் இந்த மீனை மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் இது இரண்டாம் பட்டியலுக்கு உயர்ந்தது. ஆற்றில் பிடித்த மீனை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யும் அளவு பூஜ்யம் என்று நிர்ணயிக்கப்பட்டது.

அப்படியானால் இன்று கடைகளில் சட்டப்படி கிடைக்கும் வரிக்குதிரை மீன்கள் எங்கிருந்து வருகின்றன? வளர்ப்புத் தொட்டிகளில் இருந்து. 'தொட்டிக்கு ஒன்று' என்ற விதியை உடைத்து, ஆறேழு மீன்களைக் கூட்டமாக வைத்து, 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில், ஒரு மீன் மட்டும் நுழையும் களிமண் குழாய்களை அடுக்கிப் பொறுமையாகக் காத்திருந்தவர்களிடம் இருந்து. ஒரே ஒரு மீனை வாங்கி வைத்திருந்தால் அது தனியாக வாழ்ந்து, தனியாகச் செத்திருக்கும். ஜோடியாக வைத்தால்கூடப் பல நேரம் பயனில்லை. கூட்டத்தில் எந்தப் பெண் எந்த ஆணின் பொந்துக்குள் போகும் என்பதை மீன்கள்தான் முடிவு செய்கின்றன. வாசலில் சண்டை நடக்கும், துடுப்பு கிழியும், ஆண் பெண்ணை நாள் கணக்கில் உள்ளே அடைத்து வைக்கும். பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும், தலையிடக் கூடாது.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. பல பிளெக்கோ வைக்கலாம் என்று ஆனதும், எல்046 உடன் எல்333, எல்066 என்று அழகான எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டார்கள் சிலர். இவை எல்லாம் ஒரே பேரினம், கலந்து குஞ்சு பொரிக்கும். பிறக்கும் மீன் பார்க்க அழகாகவே இருக்கும், விற்கவும் விற்கும். ஆனால் அது எந்த ஆற்று மீனும் இல்லை. பேரேட்டில் எந்தக் கணக்கிலும் எழுத முடியாத சரக்கு. அதனால்தான் அக்கறையுள்ளவர்கள் பனாக்கேயையும் ஆன்சிஸ்ட்ரஸையும் சேர்த்து வைப்பார்களே தவிர, இரண்டு ஹைபான்சிஸ்ட்ரஸ் வகைகளைச் சேர்க்க மாட்டார்கள். குஞ்சுகளை விற்கும்போது தாய் தந்தை எங்கிருந்து வந்தவை, எத்தனையாவது தலைமுறை என்று எழுதிக் கொடுப்பார்கள்.

தொட்டியில் பிறந்த மீனைத் திரும்ப ஷிங்குவில் விட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ஆறு பழைய ஆறாக ஓடினால்தானே விடுவதற்கு? தவிர, சில ஜோடிகளின் வாரிசுகளே பல நாடுகளிலும் பரவியிருந்தால், ஆற்றில் இருந்த கூட்டத்தின் பலவிதமான ரத்தம் அதில் இருக்காது. வீட்டுத் தொட்டி ஆற்றுக்கு ஈடாகாது. எட்டு செ.மீ. மீன் ஒன்று அதுவரை எங்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே குடும்பத்து மீன்கள் இரண்டு. ஒன்று தன் ஆற்றை விட்டு உலகின் ஆறுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. இன்னொன்றுக்கு இருந்த ஒரே ஆறும் பறிபோகிறது. கொளத்தூரில் பாலித்தீன் பையில் வரும் அந்த விரல் நீள மீனுக்கு வயது வந்த பின் ஐந்நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். அந்த இடம் வீட்டில் இல்லை என்றால் கடைக்காரரிடம் ஆன்சிஸ்ட்ரஸ் கேளுங்கள், பத்துப் பன்னிரண்டு செ.மீ.க்கு மேல் வளராது. ஒரு ஆண், இரண்டு மூன்று பெண், தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்ட இரண்டு மூன்று பொந்துகள். ஏற்கெனவே பெரிய மீன் கையில் இருந்தால், ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.